சிறு கல்லூரியின் ஆட்களை வைத்து வானொலியில் அரைமணி நேரம்: ஊர் கேட்குமா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று நடத்தும் சமுதாய வானொலி (சுற்றுவட்டார மக்களுக்காக லாப நோக்கமில்லாமல் நடத்தப்படும் சிறு வானொலி), உங்கள் கல்லூரிக்கு வாரம் அரைமணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. தமிழ்த்துறையில் இருக்கும் உங்களிடம் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள். கல்லூரியோடு தொடர்புடையவர்களை மட்டுமே வைத்து நடத்த விதி இடம் தருமா, கையில் இருக்கும் கருவிகளை வைத்து எப்படிப் பதிவு செய்வது, இதை யார் கேட்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "இவ்வளவு சின்னக் கல்லூரியைப் பற்றி ஊர்க்காரர்களுக்கு என்ன அக்கறை இருக்கப்போகிறது" என்று, உண்மையில் உங்களை அரிப்பது அதுதான் என்று நினைக்கிறேன். நான் வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு கல்லூரி வானொலிகளில் மாணவர்களுக்குப் பயிற்சி தந்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் ஏழெட்டு ஆண்டு கழித்து, 2002 டிசம்பரில்தான் மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் சமுதாய வானொலி நடத்த அனுமதி தந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4 மெகா ஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் கதவு திறந்தது 2006-இல். அதன் பிறகுதான் தெலங்கானாவின் மாச்சனூரில் கிராமத்துப் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ 2008-இல் வந்தது. நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் வந்தது, பாம்பனில் மீனவர்களுக்கென்று கடல் ஓசை 2016-இல் வந்தது. இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரிகளுக்கு முதலில் அனுமதி கிடைத்ததால், வளாக வானொலி என்றால் கல்லூரியின் சொந்த வானொலி என்ற எண்ணம் பலரிடம் இன்னும் இருக்கிறது. அனுமதி கல்லூரியின் பெயரில் இருந்தாலும் அது தரப்பட்டது சுற்றிலும் வாழும் மக்களுக்காக. உங்கள் அரைமணி நேரத்துக்கும் இது பொருந்தும்.

விதிகளில் உங்களைத் தொடுபவை சிலதான். நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 சதவீதம் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவானதாக இருக்க வேண்டும், முடிந்தவரை உள்ளூர் மொழியிலும் வழக்கிலும் இருக்க வேண்டும். அரசியல் சார்ந்த செய்தியும் விமர்சனமும் கூடாது. ஆனால் தேர்வு, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, குடிநீர், மின்தடை, வானிலை, நோய் எச்சரிக்கை போன்றவை செய்தியாகக் கருதப்படுவதில்லை, தாராளமாகச் சொல்லலாம். ஒலிபரப்பானதை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும். அது நிலையத்தின் கடமை என்றாலும் உங்களிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடமாக இருந்தது, 2024-இல் 12 நிமிடமாக உயர்ந்தது. மத்திய, மாநில அரசுகளும், பொதுநலத் தகவலைச் சொல்லும் பிற அமைப்புகளும் தவிர வேறு யாரும் பணம் கொடுத்து ஒரு நிகழ்ச்சியை வழங்க முடியாது.

இந்தக் கடைசி விதி உங்கள் விஷயத்தில் கொஞ்சம் சிக்கலானது. கல்லூரியோடு தொடர்புடையவர்களை வைத்து நிகழ்ச்சி நடத்துவதில் தவறே இல்லை. அவர்களும் உள்ளூர் மக்கள்தானே. ஆனால் அரைமணி நேரமும் கல்லூரியின் பெருமையாகவே போய், முடிவில் "சேர்க்கை நடைபெறுகிறது" என்று ஒரு வரியும் வந்தால், அது நிகழ்ச்சியா விளம்பரமா என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். கோடு எங்கே என்று விதியில் அளந்து எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழு ஒன்று உண்டு. அவர்களிடம் முதல் நான்கு நிகழ்ச்சிகளின் திட்டத்தை எழுத்தில் கொடுத்துச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரி அந்த நிலையத்துக்கு நன்கொடை என்ற பெயரில் ஏதாவது கொடுப்பதாக இருந்தால், அதை இந்த அரைமணி நேரத்தோடு முடிச்சுப் போடாமல் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. திரைப்படப் பாட்டு வேண்டுமென்றால் உரிமைத்தொகை பற்றி நிலையத்திடம் கேளுங்கள். திரைப்படப் பாட்டே இல்லாமல், உங்கள் மாணவர்கள் பாடியதைப் பயன்படுத்தலாம் என்பது என் யோசனை.

இனி ஊர்க்காரரின் அக்கறைக்கு வருகிறேன். ஒரு சிறு ஊரில் கல்லூரி என்பது பட்டம் கொடுக்கும் இடம் மட்டும் இல்லை. அதை நம்பி ஜெராக்ஸ் கடை இருக்கிறது, மெஸ் இருக்கிறது, காலை எட்டரை மணி டவுன் பஸ் இருக்கிறது. வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போன பிள்ளையின் அம்மா இருக்கிறார். கல்லூரியைப் பற்றி ஊருக்கு அக்கறை இல்லை என்பது சரியல்ல. கல்லூரி தன்னைப் பற்றிப் பேசும் விதத்தில்தான் ஊருக்கு அக்கறை இல்லை. முதல்வர் உங்களிடம் கொடுத்திருக்கும் பட்டியலில் தரமதிப்பீட்டுக் குழு வந்துபோனது, கருத்தரங்குகள், பல்கலைக்கழகத் தரவரிசை எல்லாம் இருக்கின்றன. உள்ளே இருப்பவர்களுக்கு அவை முக்கியம்தான். தையல் கடையில் வேலை பார்த்துக்கொண்டே கேட்பவருக்கு அவற்றில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆகவே என் முதல் சிபாரிசு உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். முதல் நிகழ்ச்சிக்குப் பேராசிரியரை அழைக்காதீர்கள். கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை பார்க்கும் எழுத்தரை அழையுங்கள். ஊரில் எத்தனை வீடுகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிறதோ அத்தனை வீட்டுக்கும் தேவையான விஷயம் அவருக்குத் தெரியும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே தொகை. இது ஊருக்கெல்லாம் தெரியும். ஆனால் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையாததால் பணம் வராமல் நிற்பது, பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்தும் ஆதாரில் ஒரு எழுத்துமாகப் பெயர் இருப்பது, வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் எப்போது எடுத்தால் சரியாக இருக்கும், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எந்தப் படிப்புக்கு உதவும், எதற்கு உதவாது, இதெல்லாம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நாள்தோறும் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். அவர் மைக் முன்னால் தயங்குவார். "போன வாரம் ஒரு அம்மா வந்தாங்கன்னு சொன்னீங்களே, அவங்களுக்கு என்ன சிக்கல்?" என்று தொடங்குங்கள். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். அதன் பிறகு அவரை நிறுத்துவதுதான் உங்களுக்கு வேலையாக இருக்கும்.

கேள்வி கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பயிற்சியின்போது மாணவிகள் இருவர் விடுதிச் சமையல்கார அம்மா ஒருவரைப் பேட்டி எடுத்தார்கள். எழுதி எடுத்துக்கொண்டு போன முதல் கேள்வி, "தங்களது பணி அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள முடியுமா?" அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "ரொம்ப சந்தோசமா இருக்குங்க. எல்லாரும் நல்லா பாத்துக்கிறாங்க" என்றார். அதோடு முடிந்தது. தாளை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, காலையில் எழுந்ததும் என்ன செய்வார் என்று கேட்கச் சொன்னேன். "நாலரைக்கு அடுப்பப் பத்த வப்பேன் பாப்பா. பரீச்ச நாளுன்னா யாரும் சொல்ல வேணாம், எனக்கே தெரிஞ்சிரும். பாதி சோத்த அப்படியே வச்சிட்டுப் போயிருங்க. ஒரு புள்ள மூணு நாளா சாப்பிட வரல. நான்தான் வார்டன் அம்மாகிட்டப் போயிச் சொன்னேன். வீட்ல ஏதோ பிரச்சின, யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்திருக்கு." மகளை விடுதியில் விட்டுவிட்டு ஊரில் இருக்கிற பெற்றோருக்கு, அந்த விடுதியைப் பற்றி இதைவிட நல்ல சேதி எந்த விளக்கக் குறிப்பேட்டிலும் கிடைக்காது. அதை ஒலிபரப்புமுன் அந்த அம்மாவிடம் ஒருமுறை போட்டுக் காட்டினோம். அந்தப் பெண் யாரென்று அடையாளம் தெரியும்படியான ஒரு வாக்கியத்தை அவரே எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டோம்.

கருத்து கேட்கும் கேள்வி வேண்டாம், நடந்ததைக் கேட்கும் கேள்வி வேண்டும். "சமுதாயத்துக்கு நீங்கள் சொல்ல விரும்புவது?" என்ற கேள்வியை உங்கள் மாணவர்கள் எங்கிருந்தோ பழகியிருப்பார்கள். அதை முதல் நாளே நீக்கிவிடுங்கள். கேள்வித்தாளைப் பேசுபவர் கையில் முன்கூட்டியே கொடுக்கவும் வேண்டாம். கொடுத்தால் பதிலை எழுதி எடுத்துவந்து படிப்பார்கள். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள், அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

நாட்டு நலப்பணித் திட்டம் உங்கள் கல்லூரியிலும் இருக்கும். ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்தி, அது முடிந்ததும் மாணவர்களை மைக் முன் உட்கார வைத்து அனுபவம் சொல்லச் சொல்வது வழக்கம். அந்த வழக்கத்தைத் திருப்பிப் போடுங்கள் என்று வற்புறுத்தியே சொல்கிறேன். முகாம் நடந்த ஊருக்கு ஓராண்டு கழித்துப் போங்கள். நட்ட கன்றில் எத்தனை பிழைத்தன, ஆடு எத்தனையைத் தின்றது, தூர்வாரிய வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். "வந்தாங்க, படம் புடிச்சாங்க, போயிட்டாங்க" என்று ஒருவர் சொல்லக்கூடும். அதையும் ஒலிபரப்புங்கள், பக்கத்திலேயே திட்ட அலுவலரின் பதிலையும் வையுங்கள். இப்படி ஒரு நிகழ்ச்சி வந்தால் அந்தக் கிராமம் முழுக்க அடுத்த வாரமும் உங்கள் நிகழ்ச்சியைக் கேட்கும். கல்லூரியின் பெயர் கெடும் என்று நிர்வாகம் அஞ்சலாம். குறையைக் கேட்டுப் பதில் சொல்லும் கல்லூரியைத்தான் ஊர் நம்பும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

முன்னாள் மாணவர்களில் மாவட்ட ஆட்சியரையும் வெளிநாட்டில் இருப்பவரையும் தேடி அலைய வேண்டாம். வேதியியல் படித்துவிட்டு உரக்கடை வைத்திருப்பவர், வணிகவியல் முடித்து மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதித் தருபவர், தமிழ் படித்துவிட்டு மினி பஸ் ஓட்டுபவர், இவர்கள் உங்கள் ஒலிபரப்பு எல்லைக்குள்ளேயே இருக்கிறார்கள். படித்தது எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் பேசச் சொல்லுங்கள். பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று குழம்பும் வீட்டுக்கு அது நேராக உதவும். ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் யாராவது உள்ளூரில் இருந்தால் விடாதீர்கள். உங்கள் ஊர்க் குளக்கரையில் இருந்த செடிகொடிகளில் எவை இப்போது இல்லை என்று அவரால் சொல்ல முடியும், வயதான நேயர்கள் அதோடு தங்கள் நினைவைச் சேர்த்துச் சொல்வார்கள்.

வறுமையிலிருந்து படித்து வந்த பிள்ளைகளைப் பேச வைக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். அழ வைத்தால்தான் நிகழ்ச்சி எடுபடும் என்ற எண்ணம் தொலைக்காட்சியைப் பார்த்து நம்மிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் கேட்கும் வானொலியில் அந்தப் பிள்ளை மறுநாள் அதே பேருந்தில்தான் ஏற வேண்டும். ஊரையும் தெருவையும் சொன்னாலே நம்மூரில் சாதி தெரிந்துவிடும். ஆகவே பெயர் போதுமா, பெயரும் வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும். சம்மதத்தை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வானொலியில் மட்டுமா, வாட்ஸ்அப்பிலும் இணையத்திலும் போடலாமா என்று அதில் தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். ஒலிபரப்புக்கு முந்தைய நாள் வரை "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கட்டும். நேரம் வீணாகிறதே என்று நினைக்காதீர்கள். இந்த இடத்தில் ஒருமுறை நம்பிக்கை போனால் அடுத்த மாணவி பேச வரமாட்டாள்.

முதல்வரை ஒதுக்கவும் முடியாது, ஒதுக்கவும் கூடாது. சாதனைப் பட்டியலைப் படிக்க வைக்காமல், அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். கல்லூரி தொடங்கியபோது நிலத்தை யார் கொடுத்தார்கள், முதல் ஆண்டில் வகுப்புகள் எங்கே நடந்தன, பெண்கள் சேரத் தொடங்கியது எப்போது, இப்படி. அவருக்கும் மகிழ்ச்சி, கேட்பவருக்கும் ஊரின் வரலாறு கிடைக்கும்.

பதிவு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், இதற்குப் பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. நல்ல கைபேசியும், சட்டையில் குத்தும் ஒரு சின்ன மைக்கும் போதும். இடம்தான் முக்கியம். டைல்ஸ் ஒட்டிய கருத்தரங்கக் கூடம் வேண்டவே வேண்டாம், குரல் மோதித் திரும்பும். நூலகத்தில் புத்தக அலமாரிகளுக்கு நடுவே உட்காருங்கள், அலமாரிகள் எதிரொலியை விழுங்கிவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். அழைப்பு வராதபடி கைபேசியை ஏரோபிளேன் மோடில் வையுங்கள். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் "ப"கரம் வெடிக்காது. பதிவுச் செயலியில் ஒலியளவு காட்டும் மீட்டர் சிவப்பைத் தொடக்கூடாது. பேச்சு முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் அமைதியையும் பதிவு செய்துகொள்ளுங்கள், வெட்டி ஒட்டும் இடங்களில் இட்டு நிரப்ப உதவும். மணியடிக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சமையல்கூடத்தில் பேட்டி எடுக்கும்போது மட்டும் பாத்திரச் சத்தம் இருக்கட்டும், அது அந்த இடத்தின் குரல். அரைமணி நேரம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 27, 28 நிமிடம். அதற்கு ஒரு மணி நேரப் பதிவு போதும். மூன்று மணி நேரம் பதிவு செய்தால் எடிட் செய்ய ஆளிருக்காது. எடிட் செய்யும்போது பேசுபவர் யோசிக்கும் மௌனங்களை எல்லாம் வெட்டிவிடாதீர்கள்.

தொகுப்பாளர்களாக மாணவர்களே இருக்கட்டும். தனியார் எஃப்.எம். குரலைப் போல இழுத்துப் பேச முதலில் முயல்வார்கள். வீட்டில் அத்தையிடம் பேசுவதுபோலப் பேசு என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். உங்கள் வட்டார வழக்கு அவர்கள் நாவில் வந்தால் தடுக்காதீர்கள். தமிழாசிரியரான உங்களுக்கு அது கொஞ்சம் உறுத்தலாம். விதியே வட்டார வழக்கை விரும்புகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

யார் கேட்பார்கள் என்ற கேள்வியில் உறுதியான எண்ணிக்கை என்று எதையும் நம்பாதீர்கள். சில பெருநகரங்களின் தனியார் எஃப்.எம்.களுக்கு நேயர் கணக்கெடுப்பு உண்டு. 100 வாட் சக்தியில், 30 மீட்டருக்கு மிகாத கம்பத்திலிருந்து ஒலிக்கும் நிலையத்துக்கு அப்படி யாரும் எடுப்பதில்லை. நடுவில் குன்றோ உயரமான கட்டடமோ இருந்தால் மூன்றாவது கிலோமீட்டரிலேயே அலை மங்கும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர்களைச் சின்ன ரேடியோக்களோடு சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பி, எங்கெங்கே தெளிவாகக் கேட்கிறது என்று வரைபடத்தில் குறித்து வரச் சொல்லுங்கள். புதிய ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் எஃப்.எம். வசதியே இல்லை. அதைச் செயல்படும்படி வைக்க வேண்டும் என்று 2023-இல் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது, ஆனாலும் பழைய பட்டன் போன்தான் இன்றும் கைகொடுக்கிறது. தையல் கடை, தறிக்கூடம், ஆட்டோ, களத்துமேடு, சமையலறை என்று கை வேலையாகவும் காது சும்மாவும் இருக்கும் இடங்களில்தான் உங்கள் நேயர்கள் இருக்கிறார்கள். ஒலிபரப்பு முடிந்த பிறகு ஒலிக்கோப்பைப் பெற்றோர் குழுக்களுக்கும் அனுப்பினால் வட்டம் பெருகும்.

நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிலையத்தோடு பேசும்போது முதலில் பேச வேண்டியது அதுதான். மாலை நான்கு மணி என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் மாணவர்கள் பேருந்தில் இருப்பார்கள், பெற்றோர் வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள். இரவு ஏழரைக்கு முதல் ஒலிபரப்பும், மறுநாள் காலை பதினொரு மணிக்கு மறு ஒலிபரப்பும் கேளுங்கள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் பதினொரு மணியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலை ஓய்ந்த பெண்களும் கடைகளில் இருப்பவர்களும் கேட்கும் நேரம் அது, உதவித்தொகை எழுத்தர் சொல்வது யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களும் அப்போதுதான் ரேடியோ பக்கத்தில் இருப்பார்கள்.